பசுந்தாங்கில் ஒரு பஞ்சுக் குச்சி

எலும்புகளோடு வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று அவை வற்புறுத்துவதில்லை. ரங்கூன் என்று நாம் சொல்கிற யாங்கோனில் இறங்கிய சற்று நேரத்திலேயே அந்தச் சௌகரியம் பறிபோனது. என்னை அழைத்துப்போக வந்திருந்த ஊ சோ வின் ஒரு கையில் சமோசாப் பொட்டலமும் மறு கையில் என் பெயர் போட்ட அட்டையுமாக நின்றார். பெயர் தங்க எழுத்தில், சுற்றிலும் ரோஜாப்பூ, மூலையில் ஜோடிப் புறா. அவரும் அவர் மனைவி ராஜாமணியும் பசுந்தாங் என்ற யாங்கோன் பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர்கள். கைவசம் இருந்த அட்டையில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். கல்யாணமே வேண்டாமென்று ஓடிப் பிழைத்த நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு அந்நிய நாட்டில் இப்படி ஒரு வரவேற்பு. என் அம்மா பார்த்திருந்தால் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டம் போட்டு மாட்டியிருப்பாள்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் எலும்புப் பரிசோதனை செய்கிறவள். இப்போது தாய்லாந்துக் குழு ஒன்றுக்கு இரவல் போயிருக்கிறேன். யுத்த காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே காட்டை வெட்டி ஜப்பான்காரன் ரயில் பாதை போட்டானே, அதில் கணக்கு வழக்கில்லாமல் தமிழர்கள் செத்தார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் அதிகம், பர்மாவிலிருந்து பிடித்துப் போனவர்களும் உண்டு. பாதையோரம் மண் சரிந்த இடத்தில் அப்படிப்பட்டவர்களைப் போட்டு மூடிய குழி ஒன்று வெளிப்பட்டது. அதில் ஒருவர் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு. செம்பின் கழுத்தில் புள்ளி புள்ளியாக "சி. முத்தையா, பசுந்தாங்". பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குள் கொண்டுபோகாத ஜனம் நாம். அந்தப் பழக்கத்தை நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தேன்.

ஆனால் செம்பு கைக்குக் கை மாறும். இறந்தவனிடமிருந்து இன்னொருவன் எடுத்திருப்பான், அவனும் இறந்திருப்பான். எலும்பு முத்தையாவுடையதுதான் என்று சொல்ல, ரத்த உறவு ஒருவரின் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். யாங்கோன் கோயில் ஒன்றில் விளம்பரம் ஒட்டியதில் அகப்பட்டவர்தான் ராஜாமணி, முத்தையாவின் பேத்தி. அடையாளம் தெரியாதவர்களை அடுத்த மாதம் மொத்தமாகத் தகனம் செய்துவிடுவதாக முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் குச்சியோடு திரும்ப வேண்டும்.

டாக்ஸியில் ஊ சோ வின் மரியாதைக்காக என்னை முன் இருக்கையில் உட்கார வைத்தார். அது மரியாதையல்ல, வேலை என்று போகப் போகத்தான் தெரிந்தது. இந்த ஊரில் சாலையின் வலப்பக்கம் போகிறார்கள். பழைய கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்டலாமா என்பது இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். ஓட்டுநர் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டபோதெல்லாம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தாண்டினார்.

பசுந்தாங்கில் வீடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியவை. மேல்மாடி பால்கனிகளிலிருந்து தெருவரை கயிறுகள் தொங்குகின்றன. நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. இழுத்தால் மணி அடிக்கும், கடிதமோ கீரைக்கட்டோ கிளிப்பில் மாட்டினால் மேலே போய்விடும். மனிதர்களுக்கு மட்டும் படிக்கட்டு. ஏணிக்கு மாமன் முறை ஆகும் அந்தப் படிக்கட்டில் என் பெட்டியை ஊ சோ வின் தூக்கிக்கொண்டு போக, என்னை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

ராஜாமணிக்கு அறுபது இருக்கும். பர்மியப் பெயர் டோ கின் மியா. கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து, நெற்றியில் கீற்றாக விபூதி, வாயில் வெற்றிலை. என்னைக் கண்டதும் பர்மிய மொழியில் ஒன்று கேட்டார். "சோறு தின்னாச்சா" என்று அர்த்தமாம். ஆச்சு என்று சொல்லியும் மீன் குழம்பில் மிதக்கும் அரிசி நூடுல்ஸ், மொஹிங்கா, வந்தது. சென்னைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து கடற்கரைப் பக்கம் வண்டியில் மொய்ங்கா என்று விற்கிற அதையும் பர்மா அத்தோவையும் தின்கிறவள் நான், எனக்கா தெரியாது என்றிருந்தேன். ஒரு வாய் சாப்பிட்டதும் சென்னைக்காரர்கள் இத்தனை வருஷமாக என்னை ஏமாற்றியிருப்பது தெரிந்தது. மீன் குழம்பும் வாழைத்தண்டும் அப்படி ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தன.

ஊ சோ வின் ஒரு மூலையில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் பத்திரிகை ஓரங்களைச் சீவிக்கொண்டிருந்தார். "உங்க வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியுமா அக்கா?" என்று கேட்டேன். வா, போ, சோறு மூன்றும் தெரியும், நாலாவது வார்த்தைக்கு அவசியம் வரவில்லை என்றார் ராஜாமணி. எனக்கு வாய் சும்மா இருக்காது. அவரை வைத்துக்கொண்டே, அவருக்கு அருமையான மண்டை என்றும், புருவமேடும் பின்மண்டையும் பாடப்புத்தகத்தில் போடலாமென்றும், நூறு வருஷம் கழித்துத் தோண்டி எடுத்தாலும் சிரமமில்லாமல் அடையாளம் சொல்லிவிடலாமென்றும் தமிழில் சொன்னேன். சிரித்ததில் ராஜாமணிக்குப் புரையேறியது. ஊ சோ வின் தன் பாட்டுக்கு ஓரம் சீவிக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் ராஜாமணி என்னைச் சயாமா, அதாவது டீச்சரம்மா, என்று கூப்பிட்டுத் தானாகவே ஆரம்பித்தார். முத்தையா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இடது கை முறிந்து கோணலாகக் கூடியது, கோணக்கை முத்தையா என்பார்களாம். செம்பருகே கிடந்தவருக்கும் அப்படி ஒரு கைதான், ஆனால் முறிந்த கை அந்தக் குழியில் அவர் ஒருவருக்கு மட்டுமில்லை. ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. ஜப்பான்காரன் பிடித்துப்போனான் என்று வீட்டார் சொன்னார்கள். மோல்மேனில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று தெரு சொன்னது. தெருவுக்குத்தான் குரல் அதிகம்.

"எங்க அம்மாவைத் தெருவே ஓடிப்போனவன் மகள்னுதான் கூப்பிடும் சயாமா. சாகுற வரைக்கும் அதான் பேரு. திதி குடுக்கவும் முடியலை. செத்தாரா இருக்காரான்னு தெரியாம யாருக்குக் குடுக்குறது? நீங்க அந்தக் குச்சியைப் போட்டுச் சொல்லுங்க, அவர் ஓடிப்போகலைன்னு."

நான் குச்சியை வெளியே எடுக்கவில்லை. "உங்க அம்மா அவருக்கு மகள், இல்லையா அக்கா?" என்று கேட்டேன். ஆமாம், மகள் வயிற்றுப் பேத்தி என்றார். என் முகம் போன போக்கை அவரும் பார்த்துவிட்டார்.

விஷயம் இதுதான். இத்தனை காலம் ஈர மண்ணில் ஊறிய எலும்பில் மற்றதெல்லாம் சிதைந்துபோய், தாய்வழி மரபணு என்ற ஒன்றுதான் கொஞ்சம் மிஞ்சும். அதைத் தாய் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுப்பாள், ஆனால் அடுத்த தலைமுறைக்குப் பெண்கள் மட்டுமே கடத்துவார்கள். ஆண் வாங்கிக்கொள்வதோடு சரி. முத்தையாவின் மகளுக்கு அது முத்தையாவிடமிருந்து வந்திருக்காது, மனைவியிடமிருந்து வந்திருக்கும். ஆகவே பேத்தியின் எச்சில் எங்களுக்கு உதவாது. முத்தையாவின் அக்கா தங்கைகள், அவர்களுடைய பெண்கள், அந்தப் பெண்களின் பிள்ளைகள் என்று யாராவது வேண்டும். அப்படி யாரும் உண்டா என்றேன். யாரும் இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார் ராஜாமணி. பாட்டி எந்த ஊர் என்றேன். அவர் வேறு குடும்பம், எங்கோ தூரத்திலிருந்து வந்தவர் என்றார். பதில் வந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் மேலதிகாரி டாக்டர் நோக், தாய்லாந்துக்காரி, மனித எலும்பைத் தவிர வேறெதையும் பார்த்துப் புன்னகைக்காத பெண்மணி. போனில் விவரம் சொன்னேன். குச்சியை வீணாக்க வேண்டாம், அடுத்த விமானத்தில் திரும்பு என்று செய்தி வந்தது.

மறுநாள் காலை விளம்பரம் ஒட்டிய கோயிலுக்குப் போய் அர்ச்சகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று போனேன். முத்தையாவுக்கு ஓர் அக்கா இருந்தாளே, அவளுடைய பேரன் கோவிந்தன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் வாத்து வளர்க்கிறாரே என்று அவர் போட்டு உடைத்தார். திரும்பி வந்து சொன்னதும் ராஜாமணிக்குத் தலைவலி வந்துவிட்டது. தன்னால் வர முடியாது என்றவர், கோவிந்தனுக்கு வயதாகி உளறுகிறான் என்றும் சேர்த்துக்கொண்டார். பெண்பிள்ளையைத் தனியே அனுப்பலாகாது என்று ஊ சோ வின் குடையோடு கிளம்பினார்.

படகுத்துறையில் டீக்கடை. இங்கே பரிமாறுகிறவரைக் கூப்பிட வேண்டுமென்றால் முத்தம் கொடுப்பதுபோல் உதட்டால் சத்தம் செய்ய வேண்டும். என் சொந்த ஊர் திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனைக் கடையில் இப்படிக் கூப்பிட்டால் டீ வராது, செருப்பு வரும். ஊ சோ வின் கூச்சமில்லாமல் செய்துகாட்டி என்னையும் செய்யச் சொன்னார். நான் செய்ததும் மூன்று மேசைகள் திரும்பிப் பார்த்தன.

படகில் காடை முட்டை விற்ற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். ஊ சோ வின் தன் ஓட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: "பாவம், இவளுக்குத் தனாக்கா பூசிவிட வீட்டில் ஆளில்லை போல, முகம் கருகிக் கிடக்கிறது." கரை சேருவதற்குள் அவர்களே ஒரு டப்பாவைத் திறந்து என் இரண்டு கன்னத்திலும் அப்பிவிட்டார்கள். அந்தக் கோலத்தோடு சைக்காவில் ஏறினேன். சைக்கிளின் பக்கவாட்டில் முதுகோடு முதுகாக இரண்டு இருக்கை வைத்த வண்டி அது. முன்னால் பார்த்து ஊ சோ வின், பின்னால் பார்த்து நான். வந்த வழியெல்லாம் தெளிவாகத் தெரிந்தது, போகிற வழி தெரியவில்லை. ஒரு மதகருகே சங்கிலி அறுந்து, மீதி தூரம் சேற்றில் நடந்தோம்.

கோவிந்தன் வாத்துகளுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய மனிதர். மெதுவாகப் பேசுவதென்றால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்காது, அவ்வளவுதான். விசாரித்ததில் அவர் அந்த அக்காவின் மகனுடைய மகன். நடுவில் ஆண் வந்துவிட்டதால் அவரும் உதவமாட்டார். வருத்தத்தோடு, பெண் வழியாகவே வந்தவர்கள்தான் வேண்டும் ஐயா என்றேன். அவர் வாத்துகள் கலையும்படி சிரித்தார்.

"பொம்பளை வழி வேணும்னா எதுக்கும்மா ஆத்தைத் தாண்டி வந்தே? அது பசுந்தாங்லயே இருக்கே. முத்தையா கட்டுனது யாரை? எங்க அத்தையை. அவரோட சொந்த அக்கா மகளை. ராஜாமணி சொல்லலையா?"

எனக்கு முதலில் உறைக்கவில்லை. பிறகு வாத்து விரட்டுகிற குச்சியை வாங்கிச் சேற்றில் கோடு போட்டேன். முத்தையாவும் அக்காவும் ஒரே தாய் வயிறு. அக்காவிடமிருந்து அவள் மகளுக்கு, அந்த மகள் முத்தையாவுக்கு மனைவி, அவளிடமிருந்து ராஜாமணியின் அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து ராஜாமணிக்கு. நடுவில் ஓர் ஆண்கூட இல்லை. முத்தையாவின் எலும்பில் இருப்பது எதுவோ அதுவே ராஜாமணியின் கன்னத்திலும் இருந்தாக வேண்டும். உலகத்தில் வேறெந்த ஊர்க்காரனுக்கும் வாய்க்காத இந்த அதிர்ஷ்டம் நம் ஆட்களுக்கு மட்டும் வாய்க்கிறது. என்னைத் தன் தம்பிக்குக் கட்டிவைக்க என் அம்மா பட்ட பாடும், நான் விஞ்ஞானம் பேசித் தப்பித்ததும் நினைவுக்கு வந்தன. இந்தச் செய்தி அம்மா காதுக்குப் போகக் கூடாது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

ராஜாமணி ஏன் மறைத்தார் என்பதையும் கோவிந்தன் உரக்கவே சொன்னார். பர்மியர்களுக்கு மாமன் என்றால் அப்பா மாதிரி. மாமனைக் கட்டுவது என்று கேட்டாலே காறித் துப்புவார்களாம். ஊ சோ வின்னின் அம்மா கண்டிப்பான பௌத்தப் பெண்மணி. சம்பந்தம் பேச வந்தபோது, பாட்டி தூரத்து ஊர் என்று குடும்பமே சேர்ந்து சொல்லிவிட்டது. இதைக் கேட்கக் கேட்க நான் ஊ சோ வின் பக்கம் பதறிப் பார்த்தேன். அவர் குடையை மடக்கி, ஒரு வாத்துக்குஞ்சை வரப்பில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

துறையில் நின்று டாக்டர் நோக்கிடம் போனில் விளக்கினேன். எங்கள் கணினியில் வம்சப் படம் போடும்போது ஒரு பெண்ணை ஒருவருக்கு அக்கா மகள் என்றும் மனைவி என்றும் இரண்டு கட்டத்தில் போட்டால் அது ஏற்காதாம். கணினியைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பிப் பழக்குவோம் என்றேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: அந்த உறவைப் பேத்தி தன் வாயால் சொல்ல வேண்டும், அறிக்கையில் அது அப்படியே இருக்கும், அறிக்கை அந்த வீட்டுக்கே போகும்.

படகில் திரும்பும்போது எனக்குக் கேலியெல்லாம் வற்றிவிட்டது. தாத்தா ஓடிப்போகவில்லை என்று நிரூபிக்க, அந்தப் பெண் தன் புருஷனிடம் இத்தனை காலம் மறைத்ததைச் சொல்லியாக வேண்டும். ராஜாமணியிடம் தனியாகத்தான் பேசுவது என்று முடிவு செய்தேன்.

தனியாக எங்கே விட்டார் மனிதர்? மின்சாரம் போய் அச்சு யந்திரம் ஓய்ந்திருந்தது. ஊ சோ வின் ஜன்னலோரம் பாய் போட்டுக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார். சமோசா வாங்கி வருகிறீர்களா என்றேன், கைக்கெட்டும் தூரத்தில் சமோசாப் பொட்டலத்தைக் காட்டினார். டீ என்றேன், பிளாஸ்க்கைக் காட்டினார். தமிழ் தெரியாதவர்தானே என்ற தைரியத்தில் கடைசியில் அவர் முன்னாலேயே ராஜாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கோவிந்தன் சொன்னதையும் டாக்டர் நோக்கின் நிபந்தனையையும் சேர்த்து.

ராஜாமணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்க மாமியார் போயிட்டாங்க. இவர் இருக்காரே சயாமா. எங்க ரத்தமே அசிங்கம்னு இவருக்குத் தோணிட்டா, இந்த வயசுல நான் எங்க போவேன்?" அப்புறம், "ஆனா எங்க அம்மா அந்தப் பேரோடயே போயிட்டா" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருஷன் பக்கம் திரும்பி பர்மிய மொழியில் ஏதோ ஆரம்பித்தார்.

ஊ சோ வின் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கையமர்த்தினார். பிறகு தமிழில் பேசினார், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து.

"அக்கா மகள். எனக்குத் தெரியும். கல்யாணத்தன்னிக்கே கோவிந்தன் சொல்லிட்டான். நல்லாக் குடிச்சிருந்தான்."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று ராஜாமணி கேட்டார்.

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார் அவர். என் பக்கம் திரும்பினார். "சயாமா, என் மண்டை நல்ல மண்டைன்னு சொன்னீங்க. ரொம்ப சந்தோஷம்."

எனக்கு அந்த ஏணிப் படிக்கட்டில் உருண்டு போய்விடலாம்போல் இருந்தது. ராஜாமணி முதலில் சிரித்தார், சிரிப்பு அழுகையானது. கைக்கு அகப்பட்ட பத்திரிகைக் கட்டை எடுத்து அவர் தோளில் நாலு சாத்து சாத்தினார். யாருடைய கல்யாணமோ, மஞ்சள் தடவாமலே கசங்கிப்போனது. வா, போ, சோறு என்று தன்னை ஏமாற்றியதற்குத்தான் அதிகக் கோபம் என்று அடித்துக்கொண்டே சொன்னார்.

அப்புறமும் குச்சி உடனே உள்ளே போகவில்லை. ராஜாமணியின் வாய் நிறைய வெற்றிலைச் சிவப்பு. கொப்பளித்து, காத்திருந்து, மறதியாகப் போட்டுக்கொண்ட அடுத்த வெற்றிலையையும் துப்பவைத்து, மறுபடி கொப்பளிக்கச் சொல்லி ஒரு வழியாகக் கன்னத்தில் தடவி எடுத்தேன். அவர் வாயைத் திறந்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். ஊ சோ வின் டார்ச் லைட் பிடித்தார். விமானத்துக்குக் கிளம்பும்போது என் பையில் குச்சி ஒரு பக்கம், மூவர் தின்னும் அளவு சோறு ஒரு பக்கம்.

முடிவு வந்த அன்று டாக்டர் நோக் என் மேசைக்கே வந்து நின்றார். தாய்வழி மரபணு பொருந்தியது. இடது முன்கை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. பக்கத்தில் செம்பு. மூன்றும் சேர்ந்தால் எங்கள் தொழிலில் அதற்கு மேல் கேட்கமாட்டோம். பசுந்தாங்குக்குப் போன் செய்து சொன்னேன். பின்னால் அச்சு யந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதை யாரோ நிறுத்தினார்கள். நான் அழுதேன், அதை மறைக்கவும் தோன்றவில்லை.

சில நாளில் போனுக்கு ஒரு படம் வந்தது. கருமாதிப் பத்திரிகை. தங்க எழுத்து, சுற்றிலும் ரோஜாப்பூ. ஜோடிப் புறாவை மட்டும் எடுத்திருந்தார்கள். மேலே பர்மிய மொழி, கீழே தமிழ். தெரு முழுக்கக் கொடுத்தாயிற்றாம். "எங்கும் ஓடிப்போகாத எங்கள் தாத்தாவும், எங்கள் பாட்டியின் தாய்மாமனுமாகிய சி. முத்தையா அவர்களுக்கு" என்று ஆரம்பித்தது. அழைப்பவர்கள் என்ற இடத்தில் முதல் பெயர் ஊ சோ வின்.